ரிவர்ட் என்றால் எங்கே திரும்புவது?

ஒப்பந்தங்களையும் சட்ட ஆவணங்களையும் தமிழாக்குவது என் பிழைப்பு. நீளமான ஆங்கிலச் சொற்கள் இந்த வேலையில் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. ஏதாவது ஒரு கலைச்சொல் அகராதியில் அவற்றுக்கு வழி கிடைத்துவிடும். சின்னச் சொற்கள்தான் ஆளை உட்காரவைத்துவிடும். அவற்றில் ஒன்று ‘ரிவர்ட்’. குத்தகைக் காலம் முடிந்ததும் நிலம் உரிமையாளருக்கு ரிவர்ட் ஆகும் என்று ஒரு பிரிவு சொல்லும். அந்த ஆவணத்தை அனுப்பியவரின் மின்னஞ்சல், பார்த்துவிட்டு நாளைக்குள் ரிவர்ட் செய்யுங்கள் என்று முடியும். மென்பொருள் எழுதுகிறவர் நேற்றுச் செய்த மாற்றத்தை ரிவர்ட் செய்துவிட்டேன் என்பார். தோட்டம் போடுகிறவர் அந்த வண்ண இலைச் செடி ரிவர்ட் ஆகிவிட்டது என்று வருத்தப்படுவார். இஸ்லாத்தைத் தழுவிய ஒருவர் ஆங்கிலத்தில் தன்னையே ரிவர்ட் என்று அழைத்துக்கொள்வார்.

எல்லாவற்றிலும் திரும்புதல் இருக்கிறது. ஆனால் அது ‘ரிட்டர்ன்’ என்ற சொல்லிலும்தான் இருக்கிறது. பிறகு எதற்கு இன்னொன்று? எனக்குப் பட்டது இது: ரிட்டர்ன் ஒரு பயணத்தைச் சொல்கிறது, போனவர் வருகிறார். ரிவர்ட் ஒரு நிலையைச் சொல்கிறது, முன்பு இப்படி இருந்தது, மறுபடியும் இப்படியே ஆகிறது. அதனால் ரிவர்ட் என்று சொல்கிறவர், எது பழைய நிலை, எது சொந்த இடம், எது யாருடையது என்பதைப் பேச்சுவாக்கிலேயே முடிவுகட்டிவிடுகிறார். அந்த முடிவை நாம் கேள்வி கேட்காமல் தாண்டிப் போய்விடுகிறோம். இந்தச் சொல்லின் வரலாற்றைத் தோண்டத் தோண்ட, ஒவ்வொரு துறையிலும் சண்டை அந்த இடத்தில்தான் நடந்திருக்கிறது என்று தெரிகிறது.

வேரிலிருந்து வருவோம். லத்தீனில் ‘வெர்தெரே’ என்றால் திருப்புதல். முன்னால் ‘ரெ’ சேர்ந்தால் பின்பக்கமாக. இரண்டும் சேர்ந்து ரெவெர்தெரே. லத்தீன் இலக்கணத்தில் இந்த வினைக்கு ஒரு விசித்திரம் உண்டு. செவ்வியல் லத்தீனில் நிகழ்காலத்தில் இது பெரும்பாலும் செயப்பாட்டு வடிவம் எடுத்து ‘ரெவெர்தோர்’ என்று வரும், பொருளோ செய்வினைப் பொருள். இறந்தகாலத்தில் சாதாரணச் செய்வினை வடிவத்துக்கே வந்துவிடும். இலக்கண மாணவர்கள் திணறும் இடம் இது. தமிழ் தெரிந்தவருக்கு அவ்வளவு சிரமம் இல்லை. நம்மிடம் ‘திருப்பு’, ‘திரும்பு’ என்று இரண்டு உண்டே. புத்தகத்தைத் திருப்புகிறோம், வீட்டுக்குத் திரும்புகிறோம். ஓரெழுத்து வித்தியாசத்தில் நாம் காட்டிவிடுவதை, லத்தீன் வினையின் வடிவத்தையே மாற்றிக் காட்டியது. இந்த வித்தியாசம் பின்னால் நிலச் சட்டத்திலும் கணினியிலும் தேவைப்படும்.

ஐரோப்பாவின் காதில் இந்த லத்தீன் சொல் ஆழமாக விழுந்த இடம் விவிலியம். ஆதாமிடம் கடவுள் சொல்லும் தீர்ப்பு, ஜெரோம் என்ற துறவியின் லத்தீன் மொழிபெயர்ப்பில் ‘புல்விஸ் எஸ் எத் இன் புல்வெரெம் ரெவெர்தெரிஸ்’ என்று இருக்கிறது. நம் பழைய தமிழ் விவிலியத்தில் ‘நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்’. திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசும்போது குருக்கள் நூற்றாண்டுக் கணக்கில் சொல்லிவந்த வாசகம் இதிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் ரிட்டர்ன் என்றே போட்டது. பொருளோ ரிவர்ட்டின் பொருள்தான். இது ஊருக்குத் திரும்பும் கதை இல்லை, நீ எதுவாக இருந்தாயோ மறுபடியும் அதுவாகவே ஆவாய் என்ற தீர்ப்பு.

வெர்தெரேயின் வேர் லத்தீனோடு நிற்கவில்லை. இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் அது பரவிக் கிடக்கிறது, சமஸ்கிருதத்தில் ‘வ்ருத்’ என்ற வினையடியாக. அங்கிருந்து தமிழுக்குள் வந்த சொற்களை நாம் தினமும் புழங்குகிறோம். ஆவர்த்தனம், பரிவர்த்தனை, சக்கரவர்த்தி, வர்த்தமானம் எல்லாம் சுழற்சியோ திருப்பமோ உள்ளவை. இவற்றில் ரிவர்ட்டுக்கு நேர் உறவான ஒன்று உண்டு: நிவர்த்தி. சமஸ்கிருதத்தில் ‘நிவர்த்ததே’ என்றால் திரும்பி வருகிறது, பின்வாங்குகிறது. தமிழில் குறை நிவர்த்தி, தோஷ நிவர்த்தி என்று தீர்வு என்ற பொருளுக்குப் போய்விட்டது. ஆனால் பஞ்சாங்கம் பழைய பொருளை விடவில்லை. கிரகம் வானத்தில் பின்னோக்கிப் போவதுபோலத் தெரிவது வக்ரம், அது முடிந்து நேர்கதிக்கு வருவது வக்ர நிவர்த்தி. ஆங்கிலத்தில் அதை ரிவர்ட் என்று சொல்லியிருந்தாலும் பொருத்தமாகவே இருந்திருக்கும்.

கீதையின் பதினைந்தாம் அத்தியாயத்தில் ‘யத் கத்வா ந நிவர்தந்தே’ என்று ஒரு வரி வருகிறது. எங்கே போனவர்கள் திரும்புவதில்லையோ அதுவே என் மேலான இருப்பிடம் என்கிறார் கண்ணன். ஜெரோமின் ரெவெர்தெரிஸும் இந்த நிவர்தந்தேயும் ஒரே வேரில் கிளைத்தவை. அங்கே நீ திரும்பியே ஆகவேண்டும் என்பது தீர்ப்பு, இங்கே திரும்பாமல் இருப்பது வீடுபேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. இரண்டு சமயங்கள், மனிதனின் பழைய நிலை எது என்பதற்கு இரண்டு விடைகள், வினைச்சொல் ஒன்று.

இந்தக் குடும்பத்தில் கவிதையும் இருக்கிறது. லத்தீனில் ‘வெர்சுஸ்’ என்பது முதலில் உழவில் வரும் சால். ஏர் வயலின் கடைசிவரை போய்த் திரும்புகிறது, அடுத்த சால் தொடங்குகிறது. பிறகு எழுத்தின் வரிக்கும் அதே பெயர். அதுவே ஆங்கிலத்தில் கவிதை வரியைக் குறிக்கும் ‘வெர்ஸ்’ ஆனது. பழைய கிரேக்கர்கள் சில இடங்களில் உண்மையிலேயே மாடு உழுவதுபோல எழுதினார்கள். ஒரு வரி இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம். கிரீட் தீவில் கோர்த்தின் என்ற இடத்தில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் சுவரில் வெட்டிய சட்டத் தொகுப்பு இப்படித்தான் ஓடுகிறது. திரும்பும் வரிகளில் எழுத்துகளும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி நிற்கும். உரைநடையைக் குறிக்கும் ‘ப்ரோஸ்’ என்ற சொல்லோ ‘முன்பக்கமாகத் திரும்பியது’, அதாவது நேரே போவது என்ற பொருளுள்ள ‘ப்ரோவெர்சுஸ்’ தேய்ந்து வந்தது. ஆக லத்தீனின் கணக்கில் உரைநடை நேரே போகும், கவிதை வரிதோறும் திரும்பும்.

இது நம் யாப்பிலும் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கம்பர் பெரும்பாலும் பாடியது விருத்தத்தில். விருத்தம் என்ற பெயர் சமஸ்கிருத ‘வ்ருத்த’த்திலிருந்து வந்தது, சுழன்றது என்பதும் வட்டம் என்பதும் செய்யுள் அளவு என்பதும் அதன் பொருள்கள். வெர்ஸும் விருத்தமும் ஒரே வேரின் பிள்ளைகள். மிருதங்கக்காரர் தனியாவர்த்தனம் வாசிக்கும்போது தாளம் ஒரு சுற்றுச் சுற்றி எடுப்புக்கு வந்து சேர்கிறதே, அந்த ‘ஆவர்த்தன’மும் அதே வீட்டுப் பிள்ளை. அங்கே திரும்புவதில் தோல்வியும் இல்லை, இழப்பும் இல்லை. எடுப்புக்கு எப்படி வந்து சேர்கிறார் என்பதில்தான் கலைஞரின் கெட்டிக்காரத்தனமே இருக்கிறது.

ரிவர்ட் ஆங்கிலத்துக்குள் வந்தது 1300 வாக்கில், பழைய பிரெஞ்சு வழியாக. வந்தபோது அது கொண்டிருந்த பொருள் இன்றைய அகராதிகளில் வழக்கொழிந்தது என்ற குறிப்போடு இருக்கிறது: மயக்கம் தெளிதல், நோயிலிருந்து எழுந்திருத்தல். ஆங்கிலம் இந்தப் பொருளைக் கைவிட்டுவிட்டது. தமிழில் நாம் இன்றும் நினைவு திரும்பியது என்றுதான் சொல்கிறோம். மயங்கி விழுந்தவரின் நினைவு எங்கோ போயிருந்தது, இப்போது தன் இடத்துக்கு வந்துவிட்டது என்ற கற்பனை எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஆங்கிலேயருக்கும் நமக்கும் பொதுவாக இருந்திருக்கிறது. தன் நிலை என்று ஒன்று உண்டு, அதற்கு வருவது நல்லது என்ற நம்பிக்கையோடுதான் இந்தச் சொல் ஆங்கிலத்தில் வாழ்க்கையைத் தொடங்கியது. அது மனதில் இருக்கட்டும், ஏனென்றால் இன்று ரிவர்ட் என்றால் பெரும்பாலும் கெட்டதற்குத் திரும்புவது. பழைய பழக்கத்துக்கு, பழைய புத்திக்கு. வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறியது என்று நாம் சொல்லும் இடத்தில் ஆங்கிலேயர் ரிவர்ட் என்பார். அங்கேயும் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. இடையில் அந்த மனிதர் திருந்தி வாழ்ந்த காலம் வெறும் வேடம், மரத்தின் மேல் இருப்பதுதான் அவருடைய நிஜம் என்று.

பதினைந்தாம் நூற்றாண்டில் சொல் நிலத்துக்கு வந்தது. ஆங்கிலேய நிலச் சட்டத்தில் ஒருவர் தன் நிலத்தை இன்னொருவருக்கு அவர் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கக் கொடுக்கலாம். அனுபவிக்கிறவர் இறந்ததும் நிலம் கொடுத்தவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ வந்துவிடும். இதற்குப் பெயர் ரிவர்ஷன். மூன்றாம் ஆள் ஒருவருக்குப் போகும்படி எழுதியிருந்தால் அது ரிவர்ஷன் ஆகாது, ‘ரிமைண்டர்’ என்று வேறு பெயர். இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். யாரும் எதையும் செய்ய வேண்டாம். கேட்க வேண்டாம், வழக்குப் போட வேண்டாம். நிலம் தானாகத் திரும்பும். திருப்பு இல்லை, திரும்பு. கொடுத்தபோதே கொடுத்தவரிடம் ஒரு மீதி தங்கிவிடுகிறது, அது காத்துக்கொண்டிருக்கிறது என்பது சட்டத்தின் பார்வை. அதனால் நான் இதைத் தமிழாக்கும்போது ‘திருப்பி ஒப்படைக்கப்படும்’ என்று எழுதுவதில்லை. அப்படி எழுதினால் ஒப்படைக்க ஓர் ஆள் வேண்டும், அவர் மறுக்கவும் செய்யலாம். ‘உரிமை மீளும்’ என்று எழுதுகிறேன்.

இந்தத் ‘தானாக மீளும்’ உரிமை, ஏழைக் குடும்பம் ஒன்றின் கதியை மாற்றியது. தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் 1939-ல் ‘ம்புபே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். ஜூலு மொழியில் அதற்குச் சிங்கம் என்று பொருள். உரிமையை வெகு சொற்பத் தொகைக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். பாட்டு அமெரிக்கா போய், அங்கே புதுச் சொற்கள் பெற்று, உலகம் முழுக்கக் குழந்தைகள் பாடும் பாட்டாகி, 1994-ல் டிஸ்னியின் ஒரு படத்துக்குள்ளும் நுழைந்தது. லிண்டா 1962-லேயே கையில் எதுவும் இல்லாமல் இறந்துபோயிருந்தார்.

பிரிட்டன் 1911-ல் இயற்றிய பதிப்புரிமைச் சட்டம் தென்னாப்பிரிக்காவிலும் நடைமுறையில் இருந்தது. அதில் ஒரு பிரிவு உண்டு. படைப்பாளி தன் உரிமையை யாருக்கு எழுதிக்கொடுத்திருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகள் ஆனபின் அது அவருடைய வாரிசுகளுக்கு மீளும். அதற்கு மாறாக எப்படி ஒப்பந்தம் போட்டிருந்தாலும் அது செல்லாது. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் ரிவர்ஷனரி உரிமை. 1962-ஓடு 25-ஐக் கூட்டினால் 1987. அந்த ஆண்டிலேயே உரிமை குடும்பத்துக்கு வந்துவிட்டது, குடும்பத்துக்குத்தான் தெரியவில்லை என்பது வழக்கறிஞர்களின் வாதம். 2004-ல் வழக்குத் தொடுத்தார்கள். 2006-ல் அது உடன்பாட்டில் முடிந்தது, லிண்டாவின் வாரிசுகளுக்கு அதுவரையிலான பயன்பாட்டுக்குப் பணமும் இனிமேல் வரும் வருமானத்தில் பங்கும் கிடைத்தன. சட்ட நூல்களில் நான் பார்த்த பிரிவுகளில் மனசுக்கு மிக நெருக்கமானது இது. பாட்டின் சொந்த இடம் எது என்ற கேள்விக்கு, கையெழுத்திட்ட காகிதத்தை மீறி, பாடியவரின் வீடு என்று பதில் சொன்ன பிரிவு.

எல்லாக் கேள்விக்கும் பதில் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. ஒகினாவாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் பிடித்த அந்தத் தீவுகள், 1952-ல் ஜப்பான் விடுதலை பெற்ற பிறகும் அமெரிக்க நிர்வாகத்திலேயே இருந்தன. 1972 மே 15 அன்று ஜப்பானிடம் வந்தன. ஆங்கிலத்தில் இந்த நிகழ்வுக்கே ஒகினாவா ரிவர்ஷன் என்று பெயர். அதற்காகத் தீவு மக்களே ஆண்டுக்கணக்கில் போராடினார்கள், தாய்நாட்டுக்குத் திரும்புவது என்பதுதான் அவர்களுடைய முழக்கம். டாலர் போய் யென் வந்தது. 1978 ஜூலை 30 அன்று, சாலையின் வலப்பக்கம் ஓடிய வண்டிகள் எல்லாம் ஒரே நாளில் இடப்பக்கத்துக்கு மாறின.

ஆனால் எதற்குத் திரும்பியது? 1879 வரை அது ரியூக்யூ என்ற அரசு, சொந்த மன்னரோடு. அந்த ஆண்டில்தான் ஜப்பான் அதை ஒரு மாநிலமாகச் சேர்த்துக்கொண்டு மன்னரைத் தோக்கியோவுக்குக் கொண்டுபோனது. அப்படியானால் 1972-ல் நடந்தது திரும்புதலா, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியதா? அமெரிக்கத் தளங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. ஒகினாவாக்காரர் சிலர் அந்த நாளை மகிழ்ச்சியோடும் சிலர் கசப்போடும் நினைப்பதற்கு இதெல்லாம் காரணம். கடிகாரத்தை எந்த ஆண்டில் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து ‘பழைய நிலை’ மாறிவிடுகிறது. ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் 1945-க்குச் சற்று முன்னால் நிறுத்தினார்கள்.

அறிவியலில் இந்தக் கேள்வியை மிகப் பொறுமையாகத் துருவியவர் டார்வின். புறா வளர்த்துப் பார்த்தவர் அவர். 1859-ல் வெளியான தம் நூலில் ஒரு சோதனையைச் சொல்கிறார். தூய வெள்ளை விசிறிவால் புறாவையும் தூய கறுப்பு ‘பார்ப்’ வகைப் புறாவையும் கலந்தார். குஞ்சுகள் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக வந்தன. அவற்றைத் தமக்குள் கலந்தார். பேரக்குஞ்சு ஒன்று அழகான நீல நிறத்தில் வந்தது, இடுப்பில் வெள்ளை, இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை, வால் இறகுகளில் வெள்ளைக் கரை. பாட்டன் பாட்டி இருவரிடமும் இல்லாத நிறம். அது காட்டு மாடப்புறாவின் நிறம். வீட்டுப் புறா வகைகள் எல்லாமே ஒரே காட்டுப் புறாவிலிருந்து வந்தவை என்பதற்கு இதை அவர் சான்றாக வைத்தார். இப்படி முன்னோர் சாயல் மறுபடி வெளிப்படுவதற்கு அவர் பயன்படுத்திய சொல் ரிவர்ஷன். மூதாதையை யாரும் கண்ணால் பார்க்கவில்லை, பேரக்குஞ்சின் இறகு காட்டிக்கொடுத்தது. பழைய நிலை எது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளாமல், திரும்பி வந்ததை வைத்து அதைக் கண்டுபிடித்தாரே, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

டார்வினின் உறவினர் ஃபிரான்சிஸ் கால்ட்டன் அதே சொல்லை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போனார். இனிப்புப் பட்டாணி விதைகளை அளந்து பார்த்தார். பெரிய விதையின் சந்ததி சராசரிக்கு மேல்தான் இருந்தது, ஆனால் தாய் விதை அளவுக்கு இல்லை. சிறிய விதையின் சந்ததியும் சராசரியை நோக்கியே நகர்ந்தது. 1877-ல் இதற்கு ரிவர்ஷன் என்று பெயர் வைத்து, அளவை ஆர் என்ற எழுத்தால் குறித்தார். பிறகு 205 பெற்றோர் இணைகளின் 928 பிள்ளைகளின் உயரத்தை ஆராய்ந்தபோது பெயரை ‘ரிக்ரெஷன்’ என்று மாற்றினார். இன்று புள்ளியியல் படிக்கும் ஒவ்வொருவரும், இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவை ஆர் என்றுதான் எழுதுகிறார்கள். அந்த எழுத்து ரிவர்ஷனின் முதல் எழுத்து.

பெயரை மாற்றியது சரி என்றே நினைக்கிறேன். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடக் குறைந்த உயரத்தில் இருப்பதற்கு, எந்த மூதாதையும் அவர்களைப் பின்னால் இழுக்கவில்லை. கணக்கைத் தலைகீழாகப் போட்டாலும் அதே விடை வரும். மிக உயரமான பிள்ளைகளை எடுத்துக்கொண்டு அவர்களுடைய பெற்றோரை அளந்தால், பெற்றோர்தான் சராசரிக்கு அருகில் இருப்பார்கள். காலம் பின்னோக்கி ஓடினாலும் நடக்கும் ஒன்றைத் திரும்புதல் என்று எப்படிச் சொல்வது? அங்கே பழைய நிலை என்று ஒன்றே இல்லை. பங்குச்சந்தை பேசுகிறவர்கள் ‘மீன் ரிவர்ஷன்’, அதாவது சராசரிக்கு மீளுதல் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சராசரிதான் விலையின் சொந்த வீடு, எப்படியும் வந்துதான் ஆகவேண்டும் என்ற எண்ணத்தை அந்தச் சொல் சத்தமில்லாமல் ஊட்டிவிடுகிறது. வராமலே போன விலைகள் எத்தனையோ.

தோட்டக்காரர்களின் ரிவர்ட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பச்சையும் வெள்ளையும் கலந்த இலைச் செடியில் திடீரென்று முழுப்பச்சைக் கிளை ஒன்று கிளம்பும். முழுப்பச்சையில் பச்சையம் அதிகம் என்பதால் அது வேகமாக வளர்ந்து மற்றக் கிளைகளை அமுக்கிவிடும். அழகு வேண்டுமென்றால் அடியோடு வெட்டிவிட வேண்டும். செடிக்கு அது உடல் தேறுவது, தோட்டக்காரருக்குச் செடி கெட்டுப்போவது.

சமயத்துக்கு வந்தால், இங்கே சொல் மிகுந்த மரியாதையோடு நடத்தப்படுகிறது. மதம் மாறியவரைக் குறிக்கும் ‘கன்வெர்ட்’டும் அதே வெர்தெரேதான், முன்னொட்டு மட்டும் வேறு. ஒவ்வொரு குழந்தையும் ‘ஃபித்ரா’ என்னும் இயல்பு நிலையில்தான் பிறக்கிறது என்பது நபிமொழி. அப்படியானால் பிற்காலத்தில் இஸ்லாத்துக்கு வருகிறவர் புதிதாக எங்கும் போகவில்லை, புறப்பட்ட இடத்துக்கு வந்திருக்கிறார். அதனால் கன்வெர்ட் என்பதைவிட ரிவர்ட் என்பதே சரி என்று ஆங்கிலம் பேசும் முஸ்லிம்கள் பலர் கருதுகிறார்கள். கத்தோலிக்கர்களோ, திருச்சபையை விட்டு விலகிப் பிறகு மறுபடி வந்தவரை மட்டும் ரிவர்ட் என்பார்கள். ஒருவர் பிறப்பிலிருந்து கணக்குத் தொடங்குகிறார், இன்னொருவர் ஞானஸ்நானத்திலிருந்து. வெளியே நிற்கும் நான் இதில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒருவர் தன் வாழ்க்கையின் தொடக்கம் எங்கே என்று சொல்கிறாரோ, அதை அவர் சொன்னபடியே மொழிபெயர்ப்பதுதான் மரியாதை.

மின்னஞ்சல் ரிவர்ட்டைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. பதில் சொல் என்பதற்கு இந்திய, சிங்கப்பூர், மலேசிய அலுவலகங்களில் ரிவர்ட் என்று எழுதுவதைத் தவறு என்று திருத்தும் பாடங்கள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. ‘ரிவர்ட் பேக்’ என்பது மட்டும் எனக்கும் உறுத்தும், பின்னால் என்பது ரெ-யிலேயே இருக்கிறதே. மற்றபடி நான் இந்த வழக்கின் பக்கம்தான். பதில் என்பது திரும்பி வரும் சொல் என்பதை மனித மொழிகள் பல கண்டுபிடித்திருக்கின்றன. எபிரேயத்தில் ‘தெஷுவா’ என்ற ஒரே சொல்லுக்கு மனம் திரும்புதல் என்றும் பொருள், விடை என்றும் பொருள். நம் மறுமொழியில் இருப்பதும் மறுபடி வருகிற மொழிதான். கேள்வி கேட்டவரிடம் சொல் திரும்பிப் போய்ச் சேர்கிறது. கோடிக்கணக்கானவர்கள் தயக்கமில்லாமல் எழுதி, படிப்பவர்கள் தடுமாற்றமில்லாமல் புரிந்துகொள்ளும் ஒன்றைத் தவறு என்று சொல்வதற்கு, ஆங்கிலத்தின் சொந்த வீடு எங்கே என்று முதலில் முடிவுகட்ட வேண்டியிருக்கும்.

இன்று இந்தச் சொல்லை உலகத்தில் அதிகம் தட்டச்சு செய்கிறவர்கள் அநேகமாக மென்பொருளாளர்கள்தான். விக்கிப்பீடியாவிலும் ரிவர்ட் உண்டு. ஒருவர் செய்த திருத்தத்தை இன்னொருவர் நீக்கிப் பழைய வடிவத்தைக் கொண்டுவருவது. சண்டை முற்றாமல் இருக்க, 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் ஒருவர் அப்படிச் செய்யக்கூடாது என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் விதி இருக்கிறது. எந்த வடிவம் சரியான பழைய வடிவம் என்பதில் இரண்டு பேர் ஒத்துப்போக மாட்டார்கள் என்பதை ஒப்புக்கொண்ட விதி அது.

மென்பொருளில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய கிட் என்ற கருவியில் உள்ள ரிவர்ட் இன்னும் நுணுக்கமானது. இங்கே அது ‘திருப்பு’, ஆள் செய்ய வேண்டிய வேலை. ஒரு மாற்றத்தை ரிவர்ட் செய்தால் அது வரலாற்றிலிருந்து அழிவதில்லை. அதற்கு நேர் எதிரான இன்னொரு மாற்றம் புதிதாக மேலே ஏறுகிறது, எந்த மாற்றத்தைத் திருப்பினோம் என்ற குறிப்போடு. சேர்த்த வரி நீங்கும், நீக்கிய வரி வரும், கோப்பு முன்பிருந்ததைப் போலவே தெரியும். ஆனால் பதிவேட்டில் ஒன்றல்ல, இரண்டு நிகழ்வுகள் இருக்கும். தடம் தெரியாமல் பின்னால் போக ‘ரீசெட்’ என்று வேறு கட்டளை இருக்கிறது. பலர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் அதைத் தொடாதே என்பது பாலபாடம்.

இதில் ஒரு சிக்கலும் வரும். தனியாகப் பிரித்து வைத்துச் செய்த ஒரு கிளையின் வேலை முழுவதையும் முதன்மைக் கிளையோடு இணைத்து, பிழை கண்டு அந்த இணைப்பை ரிவர்ட் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிழையைச் சரிசெய்துவிட்டு மறுபடி இணைத்தால், புதிய திருத்தம் மட்டும் வரும், பழைய வேலை வராது. கருவியைப் பொறுத்தவரை பழைய வேலை ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது, பிறகு நீக்கியது நம் முடிவு. அதைக் கொண்டுவர, ரிவர்ட்டையே ரிவர்ட் செய்ய வேண்டும். முன்பெல்லாம் இப்படிச் செய்தால் குறிப்பில் ‘ரிவர்ட்’ என்ற சொல் இரண்டு முறை அடுக்கி நிற்கும், படிக்கிறவர் தலையைச் சொறிவார். புதிய பதிப்புகளில் கிட் அந்த இடத்தில் ‘ரீஅப்ளை’ என்று எழுதிவிடுகிறது. கட்டளையின் பெயர் மட்டும் இன்னும் ரிவர்ட்தான். நான் தமிழாக்கிய ஒரு கையேட்டில் அதற்கு ‘எதிர்மாற்றம் இடு’ என்று போட்டேன். நீளம் என்று திருத்துநர் ‘மீட்டமை’ என்று மாற்றினார். மீட்டமை என்றால் வரலாறு அழிந்துவிடும் என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்வாரே என்று விளக்கி, பழையபடி என் சொல்லையே வைக்கும்படி கேட்டிருக்கிறேன்.